ஈறு பார்க்கும் நிரல்கள்

(கணினி அறிவியல் மாணவர்களும் தமிழ் மாணவர்களும் சேர்ந்து அமர்ந்திருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு சொல் எந்த எழுத்தில் முடிகிறது என்று பார்ப்பது தமிழ் மாணவர்களுக்குப் பழகிய வேலை. நிலைமொழியின் ஈறு என்ன, வருமொழியின் முதல் என்ன என்று பார்த்த பிறகுதான் புணர்ச்சிக் கணக்கே தொடங்கும். சொல்லின் ஈற்றில் வரக்கூடிய எழுத்துகள் 24 என்று நன்னூல் வரையறுத்து வைத்திருக்கிறது: உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் ஒன்று. கணினி மாணவர்களும் இதே வேலையை வேறு காரணங்களுக்காக நாள்தோறும் செய்கிறார்கள். பதிவேற்றிய கோப்பின் பெயர் ‘டாட் பிடிஎஃப்’ என்று முடிகிறதா? வந்த முகவரி நம் நிறுவனத்தின் டொமைனில் முடிகிறதா? வரியின் கடைசியில் காற்புள்ளி ஏதும் தொங்குகிறதா? வகுப்பில் நீங்கள் ஸ்ட்ரிங் என்பதை நான் சரம் என்கிறேன். சரத்தின் ஈற்றைச் சோதிப்பதுதான் இன்றைய பொருள்.

இத்தனை சின்ன விஷயத்துக்கு ஒரு சொற்பொழிவா என்ற முணுமுணுப்பு பின்வரிசையிலிருந்து கேட்கிறது. நியாயம்தான். ஜாவாவிலோ பைத்தானிலோ ‘எண்ட்ஸ்வித்’ என்று ஒரு வரி எழுதினால், ஆம் அல்லது இல்லை என்று விடை வந்துவிடும். ஆனால் அந்த விடையை நம்பி வங்கிக் கணக்குகளைத் திறந்துவிடுகிறோம், கோப்புகளை உள்ளே அனுமதிக்கிறோம், மின்னஞ்சல் அனுப்புகிறோம். என் கட்சி இதுதான்: ஒரு சரம் எப்படி முடிகிறது என்று கேட்பதற்கு முன்னால், அது எங்கே முடிகிறது, அதை எந்த அலகில் அளக்கிறோம் என்பதை நிரல் எழுதுகிறவர் தீர்மானித்திருக்க வேண்டும். தீர்மானிக்காமல் விட்டால் என்னென்ன ஆகும் என்பதற்குக் கதைகள் நிறைய உண்டு.

முதலில் இந்த வசதி மொழிகளுக்குள் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் 1996-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே இது இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் 2015 ஜூன் வரை காத்திருந்தார்கள். பிஎச்பிக்கு 2020 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பில்தான் கிடைத்தது. சி பிளஸ் பிளஸ்ஸின் 2020-ஆம் ஆண்டுத் தரநிலையில் அதற்கும் கிடைத்தது. சி மொழியின் தர நூலகத்தில் இன்றைக்கும் கிடையாது. ஆக, பல்லாயிரம் பேர் இதைத் தாங்களே கையால் எழுதிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. கையால் எழுதியதில் என்ன பிசகு வரும் என்று பாருங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் அப்போது பரவலாக இருந்த ஒரு வழி இது. தேடும் ஈறு சரத்தில் கடைசியாக எந்த இடத்தில் வருகிறது என்று முதலில் கேட்பார்கள். அந்த இடம், சரத்தின் நீளத்தில் ஈற்றின் நீளத்தைக் கழித்தால் வரும் எண்ணுக்குச் சமமாக இருந்தால் ‘ஆம்’ என்பார்கள். சரத்தில் 10 எழுத்து, ஈற்றில் 4 எழுத்து என்றால், பூஜ்யத்திலிருந்து எண்ணும் கணினிக் கணக்கில் ஈறு 6-ஆம் இடத்தில் தொடங்க வேண்டும். சரிதானே? சரிதான், ஒரே ஓர் இடத்தைத் தவிர. தேடியது கிடைக்காவிட்டால் அந்தச் செயல்கூறு மைனஸ் 1 என்று விடை தரும். இப்போது புள்ளியையும் சேர்த்து 4 எழுத்துள்ள ‘டாட் ஜேபிஜி’ ஈற்றை, வெறும் 3 எழுத்துள்ள ஒரு பெயரில் தேடுங்கள். கிடைக்காது; விடை மைனஸ் 1. நீளங்களைக் கழியுங்கள்: 3-இல் 4 போனால் அதுவும் மைனஸ் 1. இரண்டும் சமம், எனவே ‘ஆம், ஜேபிஜியில் முடிகிறது’ என்று நிரல் சாதிக்கும். ஈற்றைவிட ஓரெழுத்து மட்டும் குறைவான சரங்களுக்குத்தான் இந்தக் கோளாறு. இரண்டு எழுத்து குறைந்தால் நிரல் சரியாக ‘இல்லை’ என்கிறது. சோதித்துப் பார்க்கிறவர் கண்ணில் எளிதில் படாது.

சி மொழியில் நிலைமை இன்னும் மோசம். சரத்தின் கடைசியிலிருந்து ஈற்றின் நீளம் அளவுக்குப் பின்னால் நகர்ந்து ஒப்பிட வேண்டும். சரமே ஈற்றைவிடக் குட்டையாக இருந்தால், பின்னால் நகர்ந்து நகர்ந்து சரத்தின் தொடக்கத்தையும் தாண்டி, வேறு எதற்கோ உரிய நினைவகத்தைப் படிக்கத் தொடங்குவோம். நீளத்தை முதலில் பார், பிறகு ஒப்பிடு. அவ்வளவுதான் தீர்வு. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு எழுதிய நிரல்கள் ஏராளம்.

பிஎச்பியில் வேறொரு வேடிக்கை. ‘கடைசி 4 எழுத்துகளை வெட்டிக் கொடு’ என்பதற்கு மைனஸ் 4 என்று எழுத வேண்டும். தேடும் ஈறு வெற்றுச் சரமாக இருந்தால் மைனஸ் பூஜ்யம். மைனஸ் பூஜ்யமும் பூஜ்யமும் ஒன்றுதானே? பூஜ்யத்திலிருந்து வெட்டு என்று பொருள்கொண்டு முழுச் சரத்தையும் தூக்கிக் கொடுத்துவிடும். அதை வெற்றுச் சரத்தோடு ஒப்பிட்டால் ‘இல்லை’ என்று வரும்.

அது தவறான விடை. எந்தச் சரமும் வெற்றுச் சரத்தில் முடிகிறது என்பதுதான் ஏறக்குறைய எல்லா மொழிகளும் ஏற்றுக்கொண்ட வழக்கு. கணக்குப்படியும் அதுவே சரி. ஆனால் சரியான விடையே ஆபத்தாகும் இடமும் உண்டு. அனுமதிக்கப்பட்ட டொமைன்களின் பட்டியலை அமைப்புக் கோப்பில் காற்புள்ளியிட்டு எழுதுகிறீர்கள். கடைசிப் பெயருக்குப் பிறகும் ஒரு காற்புள்ளி தவறி விழுந்துவிடுகிறது. நிரல் அதைப் பிரிக்கும்போது கடைசி உறுப்பாக ஒரு வெற்றுச் சரம் கிடைக்கிறது. பிறகு, வந்த முகவரி பட்டியலில் ஏதாவது ஒன்றில் முடிகிறதா என்று சோதிக்கிறது. உலகத்தில் எந்த முகவரி வெற்றுச் சரத்தில் முடியாமல் இருக்கும்? கதவு எல்லாருக்கும் திறந்துவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது.

இனி ‘எங்கே முடிகிறது’ என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்தருள்க.

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியபோது சரத்தின் முடிவைக் குறிக்க ஒரு பைட்டை ஒதுக்கினார். பூஜ்ய மதிப்புள்ள பைட் வந்தால் சரம் முடிந்தது என்று பொருள். மாற்று வழியும் அந்தக் காலத்திலேயே இருந்தது: சரத்தின் நீளத்தை முன்கூட்டியே எழுதிவைப்பது. பாஸ்கல் மொழியின் பல வடிவங்கள் அப்படிச் செய்தன. நீளத்துக்கு ஒரே பைட் ஒதுக்கியதால் 255 எழுத்துக்கு மேல் போக முடியாமல் திண்டாடின. சியின் முறையில் நீள வரம்பு இல்லை, இடமும் மிச்சம். ஆனால் சரத்தின் நடுவில் ஒரு பூஜ்ய பைட் வந்துவிட்டால், சி மொழிக்குச் சரம் அங்கேயே முடிந்துவிடும். நீளத்தை எழுதிவைக்கும் மொழிகளுக்கு அதே சரம் இன்னும் நீண்டுகொண்டே போகும். ஒரே பைட் வரிசை, இரண்டு முடிவுகள்.

2009-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாக்ஸி மார்லின்ஸ்பைக், டான் காமின்ஸ்கி இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டது இந்த விரிசலைத்தான். உலாவியில் பூட்டு அடையாளம் வரக் காரணமான பாதுகாப்புச் சான்றிதழில் தளத்தின் பெயர் எழுதியிருக்கும். அந்தச் சான்றிதழின் வடிவம் நீளத்தை எழுதிவைக்கும் வகை. எனவே பூஜ்ய பைட்டும் அதில் மற்ற எழுத்தைப் போல ஓர் எழுத்து. இப்போது தாக்குபவர் தனக்குச் சொந்தமான ஒரு டொமைனுக்குச் சான்றிதழ் கேட்கிறார். கேட்கும் பெயரில் முதலில் பேபால் தளத்தின் முழு முகவரி, அடுத்து ஒரு பூஜ்ய பைட், பிறகு ஒரு புள்ளி, கடைசியில் தன்னுடைய டொமைன். சான்றிதழ் வழங்குகிறவர் பெயரின் ஈற்றைப் பார்க்கிறார். டொமைன் பெயர்களில் உரிமை ஈற்றில்தான் இருக்கிறது. முன்னால் எதைச் சேர்த்துக்கொள்வது என்பது உரிமையாளரின் விருப்பம். ஈறு விண்ணப்பித்தவருடையதுதான் என்று உறுதி செய்துகொண்டு சான்றிதழைக் கொடுத்துவிடுகிறார். அவர் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. பிறகு உலாவி அதே சான்றிதழைப் படிக்கிறது. அன்றைய உலாவிகளில் பல, பெயர்களை சி மொழி முறையில் ஒப்பிட்டன. முதலிலிருந்து படித்துக்கொண்டு வருகிறது, பூஜ்ய பைட்டில் நின்றுவிடுகிறது. அதற்குத் தெரிந்தது பேபாலின் முகவரி மட்டுமே. பூட்டு அடையாளம் வந்துவிடும். பயனர் கடவுச்சொல்லைத் தட்டிவிடுவார்.

இதில் ஈற்றுச் சோதனை எங்கே தவறியது? இரண்டு பக்கமும் சோதனை முறையாகவே நடந்தது. சரம் எங்கே முடிகிறது என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை, அவ்வளவுதான். பிறகு உலாவித் தயாரிப்பாளர்கள் திருத்தங்களை வெளியிட்டார்கள்.

இதே தந்திரத்தின் ஏழை உறவினர் ஒருவர் பிஎச்பி தளங்களில் வெகுகாலம் உலவினார். படக்கோப்பு மட்டுமே ஏற்கும் தளத்தில் ‘டாட் பிஎச்பி’, பூஜ்ய பைட், ‘டாட் ஜேபிஜி’ என்று பெயர் கொடுப்பார்கள். பிஎச்பியின் கண்ணுக்கு அது ஜேபிஜியில் முடிகிறது. கோப்பைத் திறக்கும் வேலை சியில் எழுதிய அடித்தளத்துக்குப் போனதும் பூஜ்ய பைட்டோடு பெயர் முடிந்து, வட்டில் உட்கார்வது ஒரு பிஎச்பி நிரல். 2010 டிசம்பரில் வந்த 5.3.4 பதிப்பில்தான், பாதையில் பூஜ்ய பைட் இருந்தால் செல்லாது என்று பொதுவாகவே அடைத்தார்கள்.

டொமைன் பெயர்களில் உரிமை ஈற்றில் இருக்கிறது என்றேன். அதனால் டொமைன் சோதனையில் ஈறு பார்ப்பது இயல்பு. அதில் ஒரு புள்ளியை மறப்பதும் இயல்பாகிவிட்டது. ‘வங்கி டாட் காம்’ என்று முடிகிறதா என்று மட்டும் சோதித்தால், ‘கள்ளவங்கி டாட் காம்’ என்பதும் தேறிவிடும். தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகளுக்கு வந்த 2011-ஆம் ஆண்டின் இணையத் தரநிலை, அதாவது ஆர்எஃப்சி 6265, இதைத் தெளிவாகச் சொல்கிறது. குக்கியில் குறித்த டொமைனும் தளத்தின் முகவரியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த டொமைன் முகவரியின் ஈறாக இருக்க வேண்டும், அந்த ஈற்றுக்கு முந்தைய எழுத்து புள்ளியாக இருக்க வேண்டும், முகவரி வெறும் எண்களாலான ஐபி முகவரியாக இருக்கக் கூடாது. ஈற்றுக்கு முந்தைய எழுத்தைப் பார் என்ற இந்த விதியைத் தமிழ் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றியலுகரத்தில் இதற்கு வேலை வரும்.

புள்ளியைப் பார்த்தாலும் போதாது. ‘டாட் காம்’ என்ற ஈறு பொதுச் சொத்து. ‘டாட் கோ டாட் இன்’ என்பதும் அப்படித்தான். அதன் கீழ் யார் வேண்டுமானாலும் பெயர் பதியலாம். அந்த ஈற்றுக்கே ஒருவர் குக்கி வைக்க முடிந்தால், அந்த ஈற்றில் முடியும் எல்லாத் தளங்களையும் அவர் எட்டிவிடுவார். எந்த ஈறு பொது, எந்த ஈறு தனியார் என்பதைச் சூத்திரத்தால் கண்டறிய வழியில்லை. எனவே மொஸில்லா முன்கை எடுத்து ஒரு பட்டியல் தொகுத்தது. தன்னார்வலர்கள் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். உலாவிகள் அதைத் தம்முள் வைத்துக்கொண்டு ஓடுகின்றன. இத்தனை பெரிய இணையம் கையால் பராமரிக்கும் ஓர் ஈற்றுப் பட்டியலை நம்பி நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

கோப்பின் பெயர் ஈறுகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை, உங்களுக்கே தெரியும். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ நச்சுநிரல், ‘லவ் லெட்டர் ஃபார் யூ டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்’ என்ற இணைப்போடு வந்தது. தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் இயல்பு அமைப்பு. ஆகவே கண்ணுக்குத் தெரிந்த ஈறு டிஎக்ஸ்டி, கணினிக்குத் தெரிந்த ஈறு விபிஎஸ். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மின்னஞ்சலையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்த இயல்பு அமைப்பு இன்றைய விண்டோஸிலும் மாறவில்லை. பொறுப்பற்ற பிடிவாதம் என்பேன். அரபு, எபிரேயம் போன்ற வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் வைத்த ஒரு திசைமாற்றுக் குறியைப் பெயரின் நடுவில் செருகி, ‘ஈஎக்ஸ்ஈ’ என்று முடியும் கோப்பை ‘ஜேபிஜி’ என்று முடிவதாகக் காட்டும் தந்திரமும் உண்டு.

பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கலுக்கு எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றிவிட்டுச் சோதிப்பது வழக்கம். துருக்கி மொழி அமைப்பில் ஓடும் கணினியில் இது உதைக்கும். துருக்கியில் புள்ளியுள்ள ஐ, புள்ளியில்லாத ஐ என இரண்டு உண்டு. பெரிய எழுத்து ‘ஜிஐஎஃப்’ சின்ன எழுத்தாகும்போது நடுவிலுள்ள ஐ புள்ளியை இழந்துவிடும். நாம் தேடும் ஈறு கிடைக்காது. சி ஷார்ப்பில் ஈற்றுச் சோதனை தானாகவே பயனரின் மொழி அமைப்பைப் பார்த்து ஒப்பிடும். கோப்புப் பெயர், டொமைன் போன்றவற்றுக்கு ‘ஆர்டினல்’ என்று கேட்டு, எண்ணுக்கு எண் ஒப்பிடச் சொல்ல வேண்டும்.

வரியின் ஈறு தனிக்கதை. யூனிக்ஸில் வரி ஒரு குறியில் முடியும், விண்டோஸில் இரண்டு குறிகளில் முடியும். இதன் தொல்லையை எல்லாரும் அனுபவித்திருப்பீர்கள். தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம், சரத்தின் வடிவத்தைச் சொல்லித் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன். அங்கே டாலர் குறி சரத்தின் ஈற்றைக் குறிக்கும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பைத்தானில் அது ஈற்றையும் குறிக்கும், ஈற்றில் ஒரு புதுவரிக் குறி இருந்தால் அதற்கு முந்தைய இடத்தையும் குறிக்கும். எண்கள் மட்டுமே என்று சோதித்த சரத்தின் வாலில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஜாங்கோ என்ற புகழ்பெற்ற பைத்தான் கட்டமைப்பிலேயே இது நடந்தது. மின்னஞ்சல் முகவரியைச் சோதிக்கும் பகுதியில் டாலர் குறி இருந்ததால் புதுவரிக் குறியோடு வந்த முகவரிகளும் தேறின. அதை வைத்து மின்னஞ்சலின் தலைப்புப் பகுதியில் கூடுதல் வரிகளைச் செருக வழி கிடைத்தது. 2015 ஜூலையில் டாலர் குறியை எடுத்துவிட்டு, சரத்தின் உண்மையான ஈற்றை மட்டும் குறிக்கும் குறியைப் போட்டுச் சரிசெய்தார்கள்.

இனி தமிழுக்கு வருகிறேன். இத்தனை நேரம் பொறுமையாக இருந்த தமிழ் மாணவர்களுக்கு இனிதான் விருந்து.

‘மரம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. கணினியைக் கேளுங்கள், நான்கு என்னும்: ம, ர, ம, புள்ளி. யூனிகோடில் மெய்யெழுத்துக்குத் தனி எண் கிடையாது. அகர உயிர்மெய்யை வைத்து அதன் தலையில் புள்ளி வைத்தால்தான் மெய். ஆகவே ‘மரம்’ கணினிக்கு ‘ம்’ என்ற இரட்டையில் முடிகிறது. வெறும் புள்ளியில் முடிகிறதா என்று கேட்டாலும் ‘ஆம்’ என்னும். முதல் மூன்று எழுத்தை வெட்டிக் கொடு என்று ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் ‘மரம’ கிடைக்கும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘மரம்’ 12 பைட். 10 பைட்டில் வெட்டினால் கடைசியில் உடைந்த ஒரு பைட் மிஞ்சும், திரையில் கேள்விக்குறி வைரம் தோன்றும்.

உயிரீறுகள் இன்னும் சுவையானவை. ‘வர’ என்ற சொல் அகரத்தில் முடிகிறது என்பது இலக்கணம். நிரலில் ‘அ’ என்ற ஈற்றைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அந்த அகரம் ‘ர’வுக்குள் ஒளிந்திருக்கிறது. அகர ஈற்றைச் சோதிக்க, கடைசிக் குறி மெய்வரிசையில் உள்ளதா, அதன் பிறகு புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லையா என்று பார்க்க வேண்டும். இருப்பதைத் தேடாமல், இல்லாததைத் தேடுகிற சோதனை இது.

வேற்றுமை உருபுகளிலும் இதே சிக்கல்தான். ஏழாம் வேற்றுமையின் ‘இல்’ உருபை இலக்கணப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து, ‘வீட்டில்’ என்பது ‘இல்’ என்று முடிகிறதா என்று நிரலைக் கேட்டுப் பாருங்கள். ‘இல்லை’ என்னும். ‘வீட்டில்’ என்ற சொல்லில் இருப்பது இகரத்தின் குறி. நீங்கள் கொடுத்தது தனி உயிரெழுத்து. கணினிக்கு இரண்டும் வேறு எண்கள். குறியை வைத்துத் தேடினால் ‘வீட்டில்’ கிடைக்கும், கூடவே மயில், குயில், வெயில், கோயில் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். இரண்டாம் வேற்றுமை ‘ஐ’யைத் தேடினால் மதுரையும் கோவையும் சென்னையும் செயப்படுபொருளாகிவிடும்.

பன்மை விகுதியை நீக்குவது எப்படி என்று பாருங்கள். பைத்தானில் ‘ஆர்ஸ்ட்ரிப்’ என்ற ஒரு செயல்கூறு உண்டு. பலரும் அது ஈற்றை நீக்கும் என்று நினைத்துப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அதற்குக் கொடுப்பதை அது சொல்லாகப் பார்ப்பதில்லை, எழுத்துகளின் கூட்டமாகப் பார்க்கிறது. அந்தக் கூட்டத்தில் உள்ள எந்த எழுத்து வாலில் இருந்தாலும் உதிர்த்துக்கொண்டே போகும். ‘கள்’ என்று கொடுத்தால் க, ள, புள்ளி மூன்றையும் உதிர்க்கும். ‘மக்கள்’ என்ற சொல்லைக் கொடுத்தால் மிஞ்சுவது ‘ம’ மட்டும். ஆங்கிலச் சரங்களிலும் இதே குழப்பம் ஓயாமல் நடந்ததால், 2020 அக்டோபரில் வந்த பைத்தான் 3.9-இல் ‘ரிமூவ்சஃபிக்ஸ்’ என்று தனியாக ஒன்றைச் சேர்த்தார்கள். அது கொடுத்த ஈற்றை மட்டும், ஒரே முறை நீக்கும். சரி, அதை வைத்து ‘கண்கள்’ என்பதில் ‘கள்’ளை நீக்கினால் ‘கண்’ கிடைக்கிறது. ‘பூக்கள்’ என்பதில் நீக்கினால் ‘பூக்’ என்று நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், தவறான செயல்கூறான ஆர்ஸ்ட்ரிப் இங்கே ‘பூ’ என்று சரியான விடையைத் தருகிறது! அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துச் சோதித்தவர், நிரல் பிரமாதம் என்று வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டிடமும் ‘மகள்’ என்று கொடுத்துப் பாருங்கள். இரண்டுமே பன்மை என்று எண்ணி ‘ம’வில் கொண்டுபோய் நிறுத்தும். துகள், திங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான்.

ஈற்றை வெட்டுவதற்கு முன், மிஞ்சப்போவது என்ன என்று பார்க்க வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் 1980-இலேயே மார்ட்டின் போர்ட்டர் செய்து காட்டினார். தேடுபொறிகளுக்காகச் சொல்லின் விகுதிகளை உரிக்கும் அவருடைய விதித்தொகுப்பில், வெட்டிய பிறகு மிஞ்சும் பகுதி போதுமான நீளமுள்ளதா என்ற நிபந்தனை உண்டு. அதனால்தான் ‘ரீப்ளேஸ்மெண்ட்’ என்பதில் விகுதி உதிர்கிறது, ‘சிமெண்ட்’ உடையாமல் நிற்கிறது. அவர் தொடங்கிய ஸ்நோபால் தொகுப்பில் இப்போது தமிழுக்கும் ஒரு நிரல் சேர்ந்திருக்கிறது.

குற்றியலுகரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். ‘பசு’, ‘நாடு’ இரண்டுமே வல்லின உகரத்தில் முடிகின்றன. ஐ உருபு சேர்ந்தால் ஒன்று ‘பசுவை’ ஆகிறது, மற்றது ‘நாட்டை’ ஆகிறது. ஈற்றை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஈற்றுக்கு முன்னால் தனிக்குறில் மட்டும் நிற்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். நம் இலக்கணக்காரர்களும் போர்ட்டரும் ஒரே இடத்தில்தான் கைவைக்கிறார்கள்.

கடைசியாக, கண்ணுக்கே தெரியாத ஒரு வேறுபாடு. ‘இளங்கோ’ என்ற பெயரின் கடைசி எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று. அல்லது ககரத்தோடு ஏகாரக் குறியும் துணைக்காலும். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோட் தரநிலையும் சொல்கிறது. ஆனால் குறிக்குக் குறி ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. பிரித்துச் சேமித்த ‘இளங்கோ’வை ஆகாரக் குறியில் முடிகிறதா என்று கேட்டால் ‘ஆம்’ என்கிறது. ‘கோ’ என்று முடிகிறதா என்று கேட்டால் ‘இல்லை’ என்கிறது. ஆப்பிள் கணினிகள் 2017 வரை பயன்படுத்திய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்துத்தான் சேமித்தது. அங்கிருந்து நகலெடுத்த தமிழ்க் கோப்புகள் வேறு கணினியில் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். யூனிகோட் பரவுவதற்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறைகளில் பல, திஸ்கியையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறிகளைச் சேமித்தன. ஏகாரக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வரும், கால் பின்னால் வரும். அந்த முறைகளில் சேமித்த ஆவணங்களில் எல்லா ஓகார ஈறும் துணைக்காலில்தான் முடியும்.

ஒரே மருந்து, ஒப்பிடுவதற்கு முன் இரண்டு சரங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. யூனிகோட் இதற்கு ‘என்எஃப்சி’ என்ற வடிவத்தை வரையறுத்திருக்கிறது. பெரும்பாலான மொழிகளில் ஒரே அழைப்பில் மாற்றிவிடலாம். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி இதில் ஒருபடி மேல். அதன் ஈற்றுச் சோதனை, மெய்யோடு புள்ளியையும் உயிர்மெய்யோடு குறியையும் சேர்த்து ஓர் எழுத்தாக எண்ணி ஒப்பிடுகிறது, இரண்டு விதமான ‘கோ’வையும் ஒன்றாகவே கொள்கிறது. தமிழ் மாணவர் எதை எழுத்து என்பாரோ, ஏறக்குறைய அதையே ஸ்விஃப்ட்டும் எழுத்து என்கிறது. மற்ற மொழிகளில் வேலை செய்கிறவர்கள் இதைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். பைத்தானில் ஓப்பன் தமிழ் என்ற திறமூல நூலகம் சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. எழுத்துகளாகப் பிரித்த பிறகு ஈற்றைப் பாருங்கள், குறிகளில் பார்க்காதீர்கள்.

தரவுத்தளம் பயில்கிறவர்களுக்கு ஒரு சொல். பெயர்ப் பட்டியலை அட்டவணைப்படுத்தும்போது முதலெழுத்திலிருந்து அடுக்குவதால், ‘இப்படித் தொடங்கும் பெயர்கள்’ என்ற கேள்விக்கு உடனே விடை வரும். ‘இப்படி முடியும் பெயர்கள்’ என்று கேட்டால் முழுப் பட்டியலையும் புரட்ட வேண்டும். வழி எளிது: சரத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு பத்தியில் சேமித்தால் ஈறு முதலாகிவிடும். கூகுளின் பிக்டேபிள் பற்றி 2006-இல் வந்த கட்டுரையில் வலைத்தளப் பெயர்களை இப்படித்தான் பகுதி பகுதியாகத் திருப்பி, ‘காம்’ முன்னால் வரும்படி அடுக்கியிருக்கிறார்கள். தமிழ்ச் சரங்களைத் திருப்பும்போது மட்டும் குறி குறியாகத் திருப்பிவிடாதீர்கள். புள்ளி வேறெந்த எழுத்தின் தலையிலாவது ஏறிவிடும்.

கணினி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்தப் பருவத்தில் நீங்கள் எழுதும் எந்த நிரலிலாவது ஈற்றுச் சோதனை இருந்தால், அதன் சோதனைக் கோப்பில் ஒரு வெற்றுச் சரத்தையும், ஈற்றைவிட ஓரெழுத்துக் குறைந்த ஒரு பெயரையும், புதுவரிக் குறியில் முடியும் ஒரு முகவரியையும், ‘மகள்’ என்ற சொல்லையும், இரண்டு விதமாகச் சேமித்த ‘இளங்கோ’வையும் சேர்த்துவிடுங்கள். இவற்றில் எது தவறினாலும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தமிழ் மாணவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.